இரண்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்களும் அக்காவின் அமெரிக்காவும்

அக்கா வந்து இறங்கிய அன்று, குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டாள். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து ஆரணி வரும் வழியெல்லாம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்ததாம். அதற்குள் அங்கே என்ன ஆகித் தொலைத்ததோ என்று முகமெல்லாம் வெளுத்துப்போய் நின்றாள். குடும்பத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று பயந்துபோய் நான் பாஸ்வேர்டைச் சொல்ல, அவள் தட்டினாள். பார்த்தாள். சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா, யாருக்கு இன்னா?" என்றேன்.

"யாருக்கு இன்னா ஆவணும்? நாட்டுக்குத்தான்!" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலில் சர்க்கரை போடாமலே காபியைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைக்கூடக் கவனிக்காமல் குடித்து முடித்தாள்.

என் அக்கா முப்பது வருஷத்துக்கு மேலாக அமெரிக்காவில் நர்ஸ். எங்கள் அப்பா கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போதெல்லாம் பெண்பிள்ளை நன்றாகப் படித்தால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். அக்கா நர்ஸுக்குப் படித்து விமானம் ஏறினாள். நான் படிப்பில் மக்கு. தறி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். பட்டு நெய்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்கிறார். நான் புடவையை மடியில் விரித்துப் போட்டு, செல்போனில் வீடியோ எடுத்து விற்கிறேன். அமெரிக்காவிலிருந்தும் நிறையப் பேர் வாங்குகிறார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்று நான் கேட்டதேயில்லை. யாராக இருந்தாலும், "வீடியோல தெரியிற பச்சைதான் நேர்லயும் வருமா?" என்று கேட்டு என் உயிரை வாங்குவார்கள்.

அதனால் அக்காவின் அரசியல் கோபம் முதலில் எனக்குக் கொழுப்பாகத்தான் பட்டது. நம் ஊரில் பார்க்காத அரசியலா? ரோடு போடுவேன் என்று சொன்னவர் ஜெயித்துப் போய்விட்டால் அடுத்த தேர்தலுக்குத்தான் முகத்தைக் காட்டுகிறார். திட்டிவிட்டு உலை வைக்கிறோம். இவள் என்னடாவென்றால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு தரம் தலையில் அடித்துக்கொள்வதுமாக இருந்தாள். அங்கே ஆட்சியில் இருப்பவரை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அந்த ஆளு' என்பாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் வாய் கோணும்.

வந்த புதிதில் ஒருநாள், என்னதான் உன் பிரச்சினை என்று உட்காரவைத்துக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவள் வேலை செய்வது அரசாங்க ஆஸ்பத்திரி. போருக்குப் போய் வந்த பழைய சிப்பாய்களுக்கானது. அங்கே வீண் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், இருந்தவர்களில் சிலரையும் அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு, போன வாரம் நீ என்ன வேலை செய்தாய், எழுதி அனுப்பு என்று ஒரு மெயில் வந்தது.

"நான் இன்னாடி எழுதுவேன்? ரெண்டு காலும் இல்லாத ஒருத்தர் கீறாரு. அவர் முதுகுல புண்ணு. ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும். திருப்பினேன்னு எழுதினேன். தொடச்சேன், மருந்து வெச்சேன், அவரு அவங்க அம்மாவ நெனச்சி அழுதாரு, கூட உட்கார்ந்திருந்தேன்னு எழுதினேன். அதை எவனாவது படிச்சிருப்பான்றியா?"

அவள் குரல் உடைந்துவிட்டது.

"அந்த மனுஷன் ஓட்டுப் போட்டதும் அந்த ஆளுக்குத்தான். அவரே சொன்னாரு. அதுக்காவ நான் திருப்பாம வுட்டுட முடியுமா?"

அன்றைக்குத்தான் அவள் கோபம் கொழுப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் காபிக்கு ஒழுங்காகச் சர்க்கரை போட்டேன்.

ஆனால் அவளுக்குக் கோபம் அந்த ஆள் மேல் மட்டும் இல்லை. சொல்லப்போனால் எதிர்க்கட்சியில் இருக்கும் தன் கட்சிக்காரர்கள் மேல்தான் அதிகம். அவள் செல்போன் நாள் முழுக்க டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. தறிக்கூடத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ஒருநாள் அந்தச் சத்தம் தாங்காமல், யாருங்கக்கா இத்தனை தடவை மெசேஜ் போடறது என்று கேட்டார். அக்கா ஒன்றைத் தமிழில் படித்துக் காட்டினாள். 'அன்புத் தோழி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறோம். இதோடு பல தடவை கேட்டுவிட்டோம். எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள். இன்றைக்கே ஏதாவது அனுப்புங்கள்.'

அவர் முகம் வாடிவிட்டது. "பாவம். கஷ்டப்படற குடும்பமாக்கா?"

"எங்க கட்சித் தலைவருங்க, தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவும் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பொரிந்து தள்ளினாள்.

"அந்த ஆளு எல்லாத்தையும் ஒடைக்கிறான் தம்பி. ஒடைப்பேன்னு சொல்லிட்டுத்தான் வந்தான். இவங்க இன்னா பண்றாங்க? 'ஐயோ ஒடைக்கிறான் பாருங்க, காசு அனுப்புங்க'ன்றாங்க. சட்டசபையில அவன் பேசிகினு இருக்கான், இவங்க எதிர்ப்புன்னு எழுதின அட்டையக் கையில புடிச்சிகினு குந்தியிருக்காங்க. நடக்கவே முடியாத வயசாயிடுச்சி, நாற்காலிய வுட மாட்டேன்றாங்க. கேட்டா, இது சமயம் இல்ல, ஒத்துமையா இருக்கணும்ன்றாங்க. இவங்கள நம்பி நான் லீவு நாள்ல எல்லாம் வீடு வீடா போயி கதவத் தட்டினேன். நாயி தொரத்துச்சி. தட்டினேன்."

"அப்ப அந்தக் கட்சிய வுட்டுடு," என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"வுட்டுட்டு எங்கடி போறது? அங்க இருக்கறதே ரெண்டு கடை. ஒண்ணுல வெஷம், இன்னொண்ணுல ஸ்டாக் இல்ல."

நான் புடவை விற்பவள். அந்த வார்த்தை எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனாலும் எனக்கு ஒன்று புரியவில்லை. ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, இங்கே சொந்தம் இருக்கிறது, சுகமாக வந்து இருக்கலாமே. எதற்கு அந்த நாட்டுக்காக இவ்வளவு பேஜார் என்று கேட்டேன். அவள் என் மடியில் இருந்த புடவையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ இந்த ஊர்ல பொறந்த. உனக்கு இது தானா வந்துது. நான் அப்பிடி இல்லடி. வலது கையைத் தூக்கி, இனிமே இதுதான் என் நாடுன்னு சத்தியம் பண்ணினேன். அன்னைக்கி பட்டுப்புடவை கட்டிகினு போனேன், தெரியுமா? பொறந்த வீடு எப்பிடி இருந்தாலும் பல்லைக் கடிச்சிகினு இருந்துடலாம். நாமளா பாத்து, புடிச்சி, எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக் கட்டிகினது இப்பிடி ஆயிட்டா, யார்கிட்டடி போயி அழுவறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கழுவிக் கழுவி அவள் கை தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது.

இத்தனையும் பேசினாள். மகனைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

அக்காவுக்கு ஒரே பிள்ளை. மாமா இறந்த பிறகு அவனைத் தனியாக வளர்த்தாள். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். நல்ல பெண், வீடியோவில் என்னைப் பார்த்தால் கைகூப்பி, 'வனகம் சித்தி' என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. ஜனவரியில் பிரசவம் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சி ஒடனே கிளம்பணும் இல்ல நீ?"

"பிப்ரவரி கடைசிக்குத்தான் டிக்கெட்."

"அதுக்குள்ள கொழந்த பொறந்துடுமேக்கா!"

"பொறக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் இரண்டு பிரசவத்துக்கும் லீவு எடுத்துக்கொண்டு பறந்து வந்தவள் இவள். ஊரான் பிள்ளைக்கெல்லாம் பீத்துணி அலசுகிறவள், தன் பேரப்பிள்ளை பிறக்கும்போது வேண்டுமென்றே கண்காணாமல் இருக்க டிக்கெட் போட்டிருக்கிறாள்.

விஷயம் அக்கா மகனிடமிருந்துதான் தெரிந்தது. மறுநாள் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது கூப்பிட்டான். அம்மா தன் நம்பரை பிளாக் செய்துவிட்டாளாம். பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக, அம்மா சாப்பிடறாங்களா சித்தி, தூங்கறாங்களா என்று கேட்டான். என்னடா நடந்தது என்று அதட்டினேன். சொன்னான். அவன் ஓட்டுப் போட்டது அந்த ஆளுக்கு. அதைக்கூட அக்கா எப்படியோ விழுங்கிவிட்டாள். ஆனால் ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, அம்மா, உங்க ஆஸ்பத்திரியில பாதிப் பேர் சும்மாதானே இருக்காங்க, குறைச்சா என்ன என்று கேட்டிருக்கிறான். அந்த வாரம்தான் அக்காவோடு பல வருஷம் வேலை செய்த சிநேகிதியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு அது தெரியாது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் யாரையும் வெறுக்கல சித்தி," என்றான். "எனக்கு வாடகை கட்டவே முடியல. ஒரு சைடு என்னைப் பாத்தாலே திட்டுது. இன்னொரு சைடு என்கிட்ட பேசுது. பேசின சைடுக்குப் போட்டேன். தப்பாவே இருக்கட்டும். அதுக்காக அம்மா வராம இருப்பாங்களா? பிரசவத்துக்கு இவளுக்கு வேற யார் இருக்கா?"

பெரிய ஆண்பிள்ளை, மூக்கை உறிஞ்சினான். எனக்கு அங்கேயே, வெற்றிலைக் கடை வாசலில், கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெற்ற பிள்ளையைவிடக் கட்சி பெரிசா என்று கேட்டேன்.

"பேசறவனெல்லாம் நல்லவனா?" என்றாள். "கட்சி இல்லடி. என் வேலையைச் சும்மான்னு சொன்னான். அந்தச் சும்மாலதான் அவன் படிச்சான்."

அவளை ஆலயத்துக்கு அழைத்துப் போனால் மனசு இளகும் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். வினையே அங்கேதான். எங்கள் சபையாருக்கு அமெரிக்கா என்றால் இன்னமும் ஏதோ மேலோகத்துக்குப் பக்கத்து ஊர் என்று நினைப்பு. எங்கள் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டதே அங்கிருந்து வந்த துரைமார்கள்தானே. ஆராதனை முடிந்ததும் ஆயர் அக்காவை முன்னால் கூப்பிட்டு, அம்மா, பக்தியுள்ள தலைவரைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, உங்கள் தேசத்துக்காக ஒரு ஸ்தோத்திர ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வீடியோவை நம்பிவிட்டார், பாவம். அக்கா மைக்கைப் பிடித்தாள். கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்க தேசத்த காப்பாத்தும். எங்க தலைவருங்ககிட்ட இருந்து காப்பாத்தும். ரெண்டு கட்சியில இருந்தும் காப்பாத்தும். ஆமென்."

சபையே ஒரே குரலில் ஆமென் என்றது. அது பழக்கதோஷம்; யார் ஆமென் என்று முடித்தாலும் நாங்கள் சொல்லிவிடுவோம். திரும்பி வரும்போது, அட, நாம எதுக்கு ஆமென் சொன்னோம் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் சபையின் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. எங்கள் சபையிலும் தேர்தல் உண்டு. கமிட்டிக்கு ஆள் எடுப்பது. சட்டசபைத் தேர்தல் எல்லாம் அதன் முன்னால் கால்தூசு. இரண்டு அணி. போன தேர்தலில் என் வீட்டுக்காரர் ஒரு அணியில் செக்ரெட்டரிக்கு நின்றார். அவருடைய சொந்த அண்ணன், ஒரே சுவர் பொதுவாக உள்ள பக்கத்து வீட்டில் இருப்பவர், எதிர் அணிக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் தோற்றார். அன்றோடு சரி. அண்ணன் தம்பி பேச்சில்லை, நானும் என் ஓரகத்தியும் பேச்சில்லை. வாசலில் கோலம் போடும்போது நேருக்கு நேர் பார்த்தாலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. துரோகம் துரோகம்தானே?

இந்தச் சண்டையில் கிறிஸ்துமஸ் கேரலும் இரண்டாகிவிட்டது. வழக்கமாகப் பாடகர் குழு ஒன்றுதான். வீடு வீடாக வந்து பாடி, ஜெபம் செய்து, கேக் சாப்பிட்டுப் போவார்கள். இப்போது ஆளுக்கொரு குழு, ஆளுக்கொரு டிரம் செட், ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் தாத்தா. அவரவர் அணி வீடுகளுக்கு மட்டும்தான் போவார்கள். ஒருவர் வரும் நாளில் இன்னொருவர் அந்தத் தெருவுக்கு வரக்கூடாது என்று ஆயர் கெஞ்சி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இந்த வருஷம் எங்கேயோ கணக்குத் தப்பிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் அணி தெருவின் ஒரு முனையிலிருந்தும், அவர்கள் அணி மறுமுனையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் இவர்கள் ஒரு பாட்டை ஆரம்பிக்க, பக்கத்து வீட்டு வாசலில் அவர்கள் வேறொரு பாட்டை எடுத்தார்கள். இவர்கள் சத்தத்தைக் கூட்ட, அவர்கள் டிரம்மை இன்னும் பலமாக அடித்தார்கள். பிறந்த பாலகன் இயேசு அந்தச் சத்தத்தில் தூங்கியிருக்கவே முடியாது. இரண்டு தாத்தாவும் பஞ்சுத் தாடியும் முகமூடியுமாக, நேருக்கு நேர் நின்று முறைத்துக்கொண்டு ஆடினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. என் பக்கத்தில் நின்றிருந்த அக்கா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, இது அப்பிடியே எங்க ஊரு சட்டசபைடி! பாட்டுதான் கொறைச்சல்!"

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தை தத்தித் தத்தி வெளியே வந்தது. ஓரகத்தியின் பேரன். முகமூடியைப் பார்த்து மிரண்டு, போக வழி தெரியாமல், அழுதுகொண்டே எங்கள் கேட்டுக்குள் ஓடி வந்துவிட்டது. அக்கா லபக்கென்று தூக்கிக்கொண்டாள். நர்ஸ் கை அல்லவா? முதுகைத் தட்டிக்கொண்டே அவள் உள்ளே நடக்க, குழந்தை ஒரு நிமிஷத்தில் விசும்பலை நிறுத்தி அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"இந்தா, புடி. தண்ணி எடுத்தாறேன்," என்று, பின்னாலேயே வந்து உட்கார்ந்த என் மடியில் வைத்தாள்.

குழந்தை என் முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அவ்வளவுதான், முகமூடிக்குக்கூட அப்படி அழவில்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது. எழுந்து ஆட்டிப் பார்த்தேன். சாவிக்கொத்தைக் காட்டினேன். அது அக்கா பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மூச்சு அடைக்கிற மாதிரி கத்தியது. அக்கா ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். அவள் தோளில் சாய்ந்ததும் நின்றுவிட்டது.

"பக்கத்து வூட்டுக் கொழந்தைக்கு உன்னைத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? நாங்கதான் பேசறது இல்லையே."

"நீ இதைத் தூக்கினதே இல்லையா?"

"இல்ல."

"பொறந்தப்ப பாக்கப் போவலையா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் அழுவற சத்தம் கேட்டுது. அப்பத்தான் பொறந்துடுச்சின்னு தெரியும்."

நான் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். எனக்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் அம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அக்காதான் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வெளியே இரண்டு பாட்டும் இன்னும் முடியவில்லை.

"நடக்குதேடி அது," என்றாள். "நடக்கற அளவுக்கு வளந்துடுச்சி. பாக்காமலே இருந்துட்டீங்களே."

அவள் முகத்தில் இருந்தது என் மேல் கோபம் இல்லை. பயம். என் அக்கா அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் அணிக்காரர்களுக்குக் கேக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தபோது, அவள் நடு அறையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அவளுடைய போன் இல்லை. உன் போனைக் கொடு என்றாள். அங்கே அப்போது விடிந்துகொண்டிருக்கும். நான் அவள் மகனின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன்.

"சித்தி?" என்றான், தூக்கம் கலையாத குரலில்.

"நான்தான்."

அந்தப் பக்கம் அவன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா?" என்றான்.

"நான் அன்னைக்கிப் பேசினது எதையும் வாபஸ் வாங்கல. தெரிஞ்சிக்கோ."

"தெரியும்மா. நானும் வாங்கல."

"வாங்காதே. உன்னை யாரு கேட்டா?" என்றாள். "அவளுக்குக் கால் வீங்குதா?"

"ரொம்ப வீங்குது. ஷூ போட முடியல. அவ பயப்படறாம்மா."

"பிரஷர் பாத்தாங்களா? தலைவலி இருக்கான்னு கேளு. கண்ணு மங்கலா தெரிஞ்சா ஒரு நிமிஷம் நிக்காம ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. கேக்குதா? நான் வரேன்."

"வரியா?"

"வரேன். ஆனா வாய மூடிகினு ஒரு மூலையில குந்தியிருப்பேன்னு நெனைக்காத. காலையில எழுந்த ஒடனே நியூஸ் போடுவேன். அந்த ஆளு மூஞ்சி வந்தா திட்டுவேன். எங்க ஆளுங்க மூஞ்சி வந்தாலும் திட்டுவேன். உன் வூடாச்சேன்னு பாக்க மாட்டேன்."

அவன் அழுதான். ஸ்பீக்கரில் அது எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. தறிக்கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"போட்டுக்கோம்மா," என்றான். "எவ்ளோ சவுண்டு வேணுமோ வெச்சிக்கோ. வா."

கிறிஸ்துமஸுக்கு மறுநாளே கிளம்பிவிட்டாள். டிக்கெட்டை மாற்றக் கூடுதல் காசு கேட்ட விமானக் கம்பெனிக்காரனை ஒரு பாட்டம் திட்டினாள். அவன் எந்தக் கட்சியோ தெரியவில்லை.

ஜனவரியில் ஒருநாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. நான் ஒரு வாடிக்கைக்காரிக்காகப் புடவை விரித்துக்கொண்டிருந்தேன். போட்டுக் கேட்டால், முதலில் அரசாங்கத்தைத் திட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லையாம், ஒரே நர்ஸ் எத்தனை பேரைப் பார்ப்பாள், இந்தப் பாவமெல்லாம் யார் தலையில் விடியும் என்கிறாள். பின்னால் அவன், அம்மா, இது அரசாங்க ஆஸ்பத்திரியே இல்ல என்கிறான். எல்லாம் ஒண்ணுதான் போடா என்கிறாள். அவன் ஏதோ எதிர்த்துப் பேசுகிறான், இவள் அதற்கு மேல் பேசுகிறாள். பாதிக்கு மேல் போன பிறகுதான் எதற்காகப் பேச ஆரம்பித்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மறந்தே போயிட்டேன் பாரு. பொண்ணு பொறந்திருக்குடி. பொறந்ததுல இருந்து வீல் வீல்னு ஒரே கத்தல், யாராலயும் சமாளிக்க முடியல. என் கையில குடுத்தாங்க. என் மூஞ்சியப் பாத்துது. கம்முனு ஆயிடுச்சிடி."

நான் புடவையை அப்படியே போட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்குள் போய், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்று பதறினார். அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது, சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.